ரீலிங் அம்மாக்களின் கதைக்கு எத்தனை மார்க்?

கோவை மில் வரலாற்றில் தேதிகளுக்குப் பஞ்சமில்லை. முதல் நூற்பாலை வந்தது 1888-ல். சின்னியம்பாளையம் மில் தொழிலாளர்கள் நால்வர் தூக்கிலேறியது 1946 ஜனவரி 8-ல். நூல் சுற்றும் ரீலிங், வைண்டிங் பிரிவுகளில் நின்ற பெண்களின் கதைதான் பாக்கி. அதை எழுதுவது தனியாளால் ஆகிற வேலை இல்லை என்பதைப் பெண்ணிய ஆய்வாளர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள்.

அவர்களில் ஒருவர் நம்மூரில் பிறந்தவர். 1944-ல் கோவையில் பிறந்த அம்பை (சி.எஸ்.லட்சுமி), நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோருடன் சேர்ந்து 1988-ல் மும்பையில் ஸ்பாரோ ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார். பெண்களின் பேச்சும் புகைப்படமும் அங்கே வரலாற்றுச் சான்றுகள். ஹைதராபாத் குழு ஒன்று இன்னும் ஒரு படி மேலே போனது. தெலங்கானா விவசாயிகள் போராட்டத்தில் நின்ற பெண்களின் வாய்மொழியை நூலாகத் தொகுத்தது. 1989-ல் ஆங்கிலத்திலும் வெளியான அந்த நூலுக்கு ஆசிரியர், 'ஸ்த்ரீ சக்தி சங்கடனா' என்கிற அந்தக் குழுவேதான். குழுவில் இருந்த கே.லலிதா, பிறகு சூசி தாருவோடு சேர்ந்து 11 மொழிப் பெண் எழுத்துகளை இரண்டு பெரும் தொகுதிகளாக்கினார்.

இங்கே பீளமேட்டிலோ சிங்காநல்லூரிலோ எழுபதைத் தாண்டிய ஓர் அம்மாவிடம் பேராசிரியர் போய்க் கேட்டால், "என்னத்தச் சொல்றதுங்க, மில்லுக்குப் போனோம், வந்தோம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பக்கத்துத் தெருப் பெண், "ஏனுங்கம்மா, கைக்கொழந்தைய ஆருகிட்ட உட்டுட்டுப் போவீங்க?" என்று கேட்கும்போதுதான் ஷிப்டும் சங்கும் மாமியார் சண்டையும் வெளியே வரும். கொங்குப் பேச்சைப் பிசகாமல் எழுத்தில் இறக்க ஒருவர் வேண்டும். அதைக் கூலிக் கணக்கோடும் தொழிற்சங்க வரலாற்றோடும் பொருத்திப் பார்க்க இன்னொருவர்.

இத்தனை பேர் உழைப்புக்கு மார்க் எவ்வளவு? 2018-ல் வந்த கல்லூரி ஆசிரியர் விதிப்படி, ஓர் ஆய்வை இருவர் சேர்ந்து எழுதினால் அதற்குரிய மார்க்கில் ஆளுக்கு 70 விழுக்காடு. மூவரோ அதற்கு மேலோ என்றால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்றவர்களுக்குத் தலா 30. கதை சொன்ன அம்மா கணக்கிலேயே இல்லை. வேலை நிரந்தரமாகாத இளம் ஆசிரியை எதைத் தேர்ந்தெடுப்பார்? தனிக்கட்டுரையைத்தான். உழைக்காமல் பெயர் போட்டுக்கொள்பவர்களைத் தடுக்கத்தான் இந்த விதி என்று சொல்பவர்களும் உண்டு. இருக்கலாம். ஆனால், அடிபடுவது உழைப்பவர்கள்தான்.

விதி மாறும்வரை அந்த அம்மாக்களின் வயது காத்திருக்காது. மூடிய மில்களின் இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. தமிழ், வரலாறு, சமூகவியல் மாணவிகளை ஒன்றாகச் சேர்த்து, இந்தக் கோடை விடுமுறையிலேயே நம் கல்லூரிகள் அவர்களிடம் அனுப்பலாம். யார் பெயர் முதலில் என்கிற பஞ்சாயத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.