ஊர்ப்பணத்துக்குக் காவலர் யார்?

மாதக் கடைசியில் வீட்டுக் கணக்கை எழுதி முடிக்கும் தாய்மார் ஓர் உண்மையை நன்கு அறிவர். தம் கைப்பணத்தைச் செலவிடுவோர் சதத்தையும் எண்ணிப் பார்ப்பர். பிறர் பணத்தைச் செலவிடுவோர் ரூபாவையும் எண்ணிப் பாரார். கடைக்குப் போய்த் திரும்பிய பிள்ளையிடம், "என்ன விலை? மீதி எங்கே?" என்று தாய் கேட்பது அவன்மீது நம்பிக்கை இல்லாமையாலன்று. கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்னும் நினைவே பிள்ளையை நேர்வழியில் நிறுத்தும் என்பதை அவள் அறிவாள்.

அரசாங்கம் செலவிடுவது முழுவதும் பிறர் பணமே. சீனியிலும் சவர்க்காரத்திலும் மறைந்து நின்று வரியாக நம்மிடமிருந்து செல்லும் பணம் அது. அதற்குக் கணக்குக் கேட்கும் தாயின் இடத்திலே குடியாட்சி நாடுகள் சட்டசபையை வைத்துள்ளன. பிரித்தானியாவில் கிளாட்ஸ்டன் நிதியமைச்சராய் இருந்த 1861 ஆம் ஆண்டிலே பொதுமக்கள் சபை இதற்கெனத் தனிக் குழுவொன்றை நிறுவிற்று. அம்மரபின் வழிவந்தனவே நம் பாராளுமன்றத்திலுள்ள அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழுவும், 1979 ஆம் ஆண்டில் தோன்றிய, 'கோப்' என்று பலரும் அழைக்கும் குழுவும்.

கல்லூரியில் வரலாறு கற்பிக்கும் எம்மிடம் மாணவர் அடிக்கடி ஒரு வினாவை எழுப்புவதுண்டு. "குழு கூடுகிறது, அதிகாரிகளைக் கேள்வி கேட்கிறது, அறிக்கை எழுதுகிறது. அதனால் ஆவது என்ன?" என்பதே அவ்வினா. இதனை இளைஞரின் அவசரம் என்று தள்ளிவிட எம்மால் இயலவில்லை. ஆதலின், இத்தகைய குழுவொன்றால் ஆனதும் ஆகாததும் இவை என்று காட்டும் வரலாறு ஒன்றை இங்கு எடுத்துரைப்போம்.

கடை நொடித்த செனற்றர்

1940 ஆம் ஆண்டில் பிரான்சு தேசம் ஜெர்மனியிடம் வீழ்ந்தது. ஐக்கிய அமெரிக்கா அப்பொழுது போரில் இறங்கவில்லையாயினும், போர் தன் வாயிலுக்கு வரும் என்பதை உணர்ந்துகொண்டது. படை முகாம்கள், ஆயுதச் சாலைகள், கப்பல்கள், விமானங்கள் யாவும் ஒருங்கே கட்டப்படலாயின. ஓராண்டுக்குள் ஆயிரங்கோடி டொலருக்கு மேற்பட்ட தொகை நாட்டின் பாதுகாப்புக்கென ஒதுக்கப்பட்டது.

அந்நாளில் மிசூரி மாநிலத்தின் சார்பில் செனற் சபையில் அமர்ந்திருந்தவர் ஹரி ட்ரூமன். அவர் கமக்காரராய் உழுதவர். முதலாம் உலகப் போரிலே பீரங்கிப் படையின் கப்டனாய் நின்றவர். போர் முடிந்ததும் கன்சாஸ் நகரிலே ஆடவர் உடைக் கடையொன்றைப் பங்காளியோடு நடத்தினார். 1922 ஆம் ஆண்டில் அது நொடித்தது. கடனாளி என்று நீதிமன்றில் முறையிட்டுத் தப்பிக்கொள்ளாது, பல ஆண்டுகளாக அக்கடனைச் சிறிது சிறிதாக அடைத்து வந்தார். அவரை அரசியலில் ஏற்றிவிட்ட கட்சிக் கும்பலோ ஊழலுக்குப் பெயர்போனது. அதன் தலைவரான பெண்டர்காஸ்ட் 1939 ஆம் ஆண்டில் வருமானவரி ஏய்ப்புக்காகச் சிறை புகுந்தார். ஆகவே ட்ரூமனைத் தூய்மைக்கு உதாரணமாக எவரும் அப்பொழுது கருதவில்லை.

அவருக்கு மிசூரி மக்களிடமிருந்து கடிதங்கள் வந்தன. அங்கே கட்டப்பட்டுவந்த லெனாட் வூட் படைமுகாமிலே பணம் தண்ணீராய் ஓடுகிறது என்று அவை கூறின. ட்ரூமன் அறிக்கை கேட்டு எழுதிவிட்டுக் காத்திருக்கவில்லை. தம் மோட்டார்க் காரைத் தாமே ஓட்டிக்கொண்டு, முன்னறிவித்தல் இன்றி முகாம் முகாமாகச் சென்று பார்த்தார். விலையுயர்ந்த பொருள்கள் மழையிலும் பனியிலும் கிடந்து பழுதாயின. கூலிபெறும் ஆட்கள் வேலையின்றி நின்றனர்.

காரணத்தையும் அவர் கண்டுகொண்டார். கட்டட வேலைகள் பெரும்பாலும் ஒருவகைக் கொந்தராத்தின்படி வழங்கப்பட்டிருந்தன. ஆன செலவு முழுவதையும் அரசாங்கம் திருப்பிக் கொடுக்கும். அதற்குமேல் கொந்தராத்துக்காரருக்கு நிச்சயித்த ஊதியமும் உண்டு. அவசரத்துக்கு ஏற்ற முறைதான். ஆனால் செலவு எவ்வளவு ஏறினும் தம் கையிலிருந்து ஒரு சதமும் போகாதென்றால், சிக்கனத்தில் எவருக்கு அக்கறை பிறக்கும்? அங்கே திருடர் இல்லாமலும் பணம் கரைந்துபோக வழி இருந்தது.

1941 பெப்ரவரி 10 ஆம் தேதி ட்ரூமன் இவற்றைச் செனற் சபையில் எடுத்துரைத்தார். மார்ச்சு முதலாம் தேதி அவர் தலைமையில் ஏழுபேர் கொண்ட விசாரணைக்குழு அமைந்தது. ஆயிரங்கோடிக் கணக்கான டொலரைக் காவல்காக்க அக்குழுவுக்குக் கிடைத்த பணம் 15,000 டொலர். அதிலும் பெரும்பகுதியைத் தேர்ந்த வழக்குரைஞரான ஹியூ ஃபுல்ட்டனை அமர்த்துவதற்கே ட்ரூமன் செலவிட்டார். சிக்கனம் வேறு, கருமித்தனம் வேறு என்பதை அவர் அறிந்திருந்தார்.

முன்னோர் செய்த பிழை

வரலாற்று நூல்களை விரும்பிப் படித்த ட்ரூமன், 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது இயங்கிய காங்கிரசுக் குழுவொன்றின் வரலாற்றையும் ஆராய்ந்தார். அக்குழுவினர் கணக்கைப் பார்ப்பதை விட்டுப் படைத்தலைவர்க்குப் போர்முறை கற்பிக்கப் புகுந்தனர். யாரை நீக்குவது, யாரை நியமிப்பது என்று ஆபிரகாம் லிங்கனுக்கு ஓயாத தொல்லை கொடுத்தனர். தம் குழு அவ்வழியிற் செல்லலாகாது என்று ட்ரூமன் உறுதிகொண்டார். போரை எப்படி நடத்துவது என்று அவர்கள் கேட்கவில்லை. வாங்கிய பொருள் வந்ததா, வந்தது நன்றா, கொடுத்த விலை நியாயமா என்பனவே அவர்கள் கேள்விகள்.

மற்றொரு கட்டுப்பாட்டையும் அவர் விதித்துக்கொண்டார். இரு கட்சியினரும் அமர்ந்திருந்த அக்குழுவில், அவர் தலைமை வகித்த காலத்து அறிக்கைகள் யாவும் ஒருமனதாகவே வெளிவந்தன. ஆளும் கட்சியைச் சேர்ந்த ஒருவர், தம் கட்சி அரசாங்கத்தின் செலவையே ஆராய்ந்தார் என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். எதிர்க்கட்சியின் வாய்க்கு அவல் கிடைத்துவிடுமே என்று அவர் அஞ்சியிருந்தால் இக்கதையே இல்லை.

பணமும் உயிரும்

முதலிற் படைமுகாம்கள் ஆராயப்பட்டன. குழுவின் யோசனைகளால் 25 கோடி டொலர் மிஞ்சியது என்று, கட்டட வேலைகளுக்குப் பொறுப்பாயிருந்த தளபதி சொமர்வெலே பின்னர் ஒப்புக்கொண்டார்.

அடுத்து விமானங்கள். பி-26 என்னும் குண்டுவீச்சு விமானம் பயிற்சியின்போதே அடிக்கடி விழுந்து நொறுங்கியது. அதன் இறக்கைகள் போதிய அகலம் உடையன அல்ல. அதனைக் கட்டிய கிளென் மார்ட்டின் குழுவின் முன் வந்து, வரைபடங்கள் முடிந்துவிட்டன என்றும் கொந்தராத்து ஏற்கனவே கைக்கு வந்துவிட்டது என்றும் கூறினார். இறக்கையை மாற்றாவிடில் இனிப் பணம் கிடைக்காமற் போகலாம் என்று ட்ரூமன் உணர்த்தியதும், மாற்றச் சம்மதித்தார்.

1943 ஆம் ஆண்டில் இன்னும் கொடியவை வெளிவந்தன. பிற்ஸ்பேர்க் நகருக்கு அண்மையிலுள்ள பெரும் உருக்காலையொன்றில், கப்பல் கட்டுவதற்கான உருக்குத் தகடுகளின் சோதனை முடிவுகளைப் பொய்யாக எழுதி அனுப்பியிருந்தனர். ஒகையோ மாநிலத்து லொக்லாண்டில் இருந்த ரைட் விமான இயந்திரச் சாலையிலே, பழுதுள்ள இயந்திரங்கள் நல்லவை என முத்திரை பெற்றுச் சென்றன. மறுத்த பரிசோதகர் ஒதுக்கப்பட்டனர். இது தொடர்பாக இராணுவ அதிகாரிகள் சிலர் இராணுவ நீதிமன்றிலே கடமை தவறிய குற்றத்துக்குத் தீர்ப்புப் பெற்றனர்.

இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். வீண்செலவு என்றவுடன் நம் மனத்தில் எழுவது பணமூட்டை மட்டுமே. அந்த இயந்திரம் பொருத்திய விமானத்தில் ஏறவிருந்தவனோ யாரோ ஒரு தாயின் மகன். கணக்குப் புத்தகத்தில் எழுதிய ஒரு பொய் வானத்திலே உயிரை வாங்கும். பாலத்துக்குரிய சீமெந்திலும் ஆசுபத்திரிக்குரிய மருந்திலும் இதுவே நியதி.

கேளாமல் விட்ட கேள்வி

எல்லாம் வெற்றியே என்று சொல்வது வரலாறாகாது. கனடாவின் வடகோடியிலுள்ள நோர்மன் வெல்சிலிருந்து வைற்கோர்ஸ் வரை மலைகளுக்கு ஊடாக எண்ணெய்க் குழாய் அமைக்கும் 'கனோல்' என்னும் திட்டத்தை 1942 ஆம் ஆண்டில் இராணுவத்தினர் தொடங்கினர். அது வீண் என்று குழு எடுத்துக்காட்டியும் அவர்கள் விடவில்லை. ஏறத்தாழ 13 கோடியே 40 இலட்சம் டொலர் விழுங்கிய பின், 1944 ஆம் ஆண்டில் எண்ணெய் பாயத் தொடங்கியது. அடுத்த ஆண்டே அது மூடப்பட்டது. குழுவினால் கேட்க முடிந்தது, தடுக்க முடியவில்லை.

மற்றொன்று இதனினும் பாரதூரமானது. வாஷிங்டன் மாநிலத்து ஹான்போர்டில் அரசாங்கம் பெருநிலம் வாங்கிப் பெருஞ்செலவில் எதனையோ கட்டுகிறது என்னும் செய்தி குழுவுக்கு எட்டியது. 1943 ஜூன் 17 ஆம் தேதி யுத்த மந்திரி ஸ்ரிம்சன் தொலைபேசியில் ட்ரூமனோடு பேசி, அது மிக இரகசியமானது, அதன் நோக்கத்தை அறிந்தோர் மிகச் சிலரே என்றார். ட்ரூமன் உடனே இணங்கி விசாரணையை நிறுத்தினார். 1945 ஏப்ரில் 12 ஆம் தேதி றூஸ்வெல்ட் மறைய, உபஜனாதிபதியாய் இருந்த ட்ரூமன் ஜனாதிபதியானார். அன்று மாலையே ஸ்ரிம்சன் அவரிடம் ஒரு புதிய ஆயுதத்தைப் பற்றிச் சுருக்கமாகக் கூறினார். ஏறத்தாழ 200 கோடி டொலர் செலவான அத்திட்டம் அணுக்குண்டுத் திட்டமே. ஆகஸ்டு 6 ஆம் தேதி ஹிரோஷிமா எரிந்தது.

அன்று ட்ரூமன் விசாரணையை நிறுத்தியது சரியா? போரின் நடுவே வேறு செய்திருக்க முடியாது என்பர் சிலர். நாமும் அதனை மறுக்கத் துணியோம். ஆயினும் "இது இரகசியம்" என்னும் ஒரு சொல் கணக்குக் கேட்பவரின் வாயை அடைக்கவல்லது என்பதும், அச்சொல் நல்ல காரணத்துக்கும் தீய காரணத்துக்கும் ஒருபோலவே பயன்படும் என்பதும் எண்ணிப்பார்க்கத் தக்கவை.

ஆவது என்ன?

ட்ரூமன் குழு 1948 ஆம் ஆண்டுவரை இயங்கிற்று. அதனால் நாட்டுக்கு மிஞ்சியது 1,000 கோடி முதல் 1,500 கோடி டொலர் வரை என்று மதிப்பிடுவர். இதனைத் திட்டமாக அளக்க எவராலும் ஆகாது. நடவாத செலவுக்குப் பற்றுச்சீட்டு இல்லையன்றோ? அக்குழு நேரடியாகக் கண்டுபிடித்ததைக் காட்டிலும், 'நாளை இங்கேயும் வருவார்கள்' என்னும் அச்சத்தாலே தவிர்ந்தது அதிகமாக இருக்கலாம்.

ஆகவே எம் மாணவர்க்கு நாம் கூறும் விடை இது. அறிக்கை தானாக எதையும் செய்யாது. தலைவர் தம் கட்சிக்கும் அஞ்சாதவராய், குழுவினர் ஒருமனப்பட்டவராய், அதிகாரிகள் பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று அறிந்தவராய் இருக்கும்போதே அதற்கு உயிர் வருகிறது. இவற்றோடு நான்காவதாக வேண்டப்படுவது நம்மிடத்தே உள்ளது. லெனாட் வூட் முகாமைப் பற்றி முதலில் எழுதியவர்கள் செனற்றர்களும் அல்லர், கணக்காய்வாளரும் அல்லர். மழையில் நனையும் பலகையைக் கண்டு மனம் பொறாத ஊர்மக்களே அவர்கள். அடுத்த முறை நம் பாராளுமன்றக் குழுவின் விசாரணை பத்திரிகையில் வரும்போது, சினிமாப் பக்கத்தைப் புரட்டுமுன் அதனையும் வீட்டிலுள்ளோர் கூடியிருந்து ஒருமுறை படிப்பார்களாக. அங்கே கேட்கப்படுவது நம் வீட்டு மீதிச் சில்லறையே.