கூட்டலில் காணாமற்போன 42 கிலோ

கோலியனூரில் உழவர் ஒருவர் நான்கு மூட்டை மல்லாட்டையை எடை போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். (நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் மல்லாட்டை.) எடைகள் 40, 38, 42, 41 கிலோ. அவருடைய மகள் இவற்றைக் கணிப்பொறி விரிதாளில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதிக்கிறாள். மூன்றாம் கட்டத்தில் மட்டும் '42 கிலோ' என்று அலகையும் சேர்த்துவிடுகிறாள். பிறகு 'சம்' என்னும் கூட்டற் சூத்திரத்தை இடுகிறாள். விடை 119! உண்மைத் தொகையோ 161. கிலோ 70 ரூபாய் எனக் கொண்டால் 2,940 ரூபாய் மறைந்துவிட்டது. இது எவ்வாறு நிகழ்ந்தது?

42 என்பதை எண்ணாகக் கொண்டால் அதன் இரும வடிவம் 101010. அதனுடன் ஓர் எழுத்து சேர்ந்துவிட்டால், கட்டம் முழுவதுமே எழுத்துத் தொடராகிவிடும். அப்போது '4' என்ற குறிக்கு 52, '2' என்ற குறிக்கு 50 என்று தனித்தனிக் குறியெண்களே நினைவகத்தில் இடம்பெறும். நம் கண்ணுக்கு அது நாற்பத்திரண்டு; கணிப்பொறிக்கோ அது பெயர்ப்பலகை போன்ற ஒன்று.

கணக்கேட்டில் எண்களுக்கிடையே தலைப்புகளும் பெயர்களும் வருமல்லவா? அவற்றைத் தாண்டிச் செல்லும்படியே 'சம்' அமைக்கப்பட்டுள்ளது. எனவே 42 கிலோவையும் ஓசையின்றித் தாண்டிவிடுகிறது. அதே நான்கு கட்டங்களைக் கூட்டற்குறியிட்டுக் கூட்டினால், 'மதிப்புப் பிழை' என்று கணிப்பொறி அறிவித்துவிடும். என்னைக் கேட்டால், வாய்மூடித் தவறான விடை தருவதைவிடக் கூச்சலிடும் இந்தக் கூட்டற்குறியே நல்ல நண்பன்!

கண்டுபிடிக்க எளிய வழியும் உண்டு. நாம் மாற்றியமைக்காத வரையில், எண்கள் கட்டத்தின் வலப்புறம் ஒதுங்கும். எழுத்துகள் இடப்புறம் ஒதுங்கும். மூன்றாம் கட்டம் மட்டும் இடப்புறம் நிற்பதைக் கண்டதுமே ஐயம் எழவேண்டும்.

ஏற்கெனவே பதித்துவிட்டால் என்ன செய்வது? 'சப்ஸ்டிட்யூட்' என்ற சூத்திரம் 'கிலோ' என்ற சொல்லை நீக்கும். எஞ்சியதை 'வேல்யூ' என்ற சூத்திரம் எண்ணாக மாற்றும். அடுத்த பத்தியில் இவ்விரண்டையும் இட்டு, அந்தப் பத்தியைக் கூட்டினால் 161 வந்துவிடும்.

ஆனால் இங்கே ஓர் ஆபத்து உண்டு. வேறொரு கட்டத்தில் '1 குவிண்டால்' என்றிருந்தால்? சொல்லை நீக்கியபின் எஞ்சுவது 1. அந்த 100 கிலோ வெறும் 1 கிலோவாகக் கூட்டப்படும். எந்தப் பிழை அறிவிப்பும் வாராது. அளவு என்பது எண்ணும் அலகும் சேர்ந்தது. ஆகவே முதலில் எல்லாவற்றையும் ஒரே அலகுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இயற்பியல் ஆய்வக ஏட்டில் 'நீளம், செ.மீ.' என்று பத்தியின் தலைப்பில் மட்டும் அலகை எழுதி, கீழே வெறும் எண்களைக் குறிக்கிறீர்கள் அல்லவா? விரிதாளிலும் 'எடை, கிலோ' என்று தலைப்பிட்டு அவ்வாறே பதியுங்கள்.