முட்டை நின்ற கோழி

விடியற்காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் கோழிகள் கொல்லைப்புறத்தில் பரவுகின்றன. அவற்றுள் ஒன்று பத்து நாள்களாக முட்டையிடவில்லை. “இனி இதற்கு எதற்குத் தீனி? சந்தையில் விற்றுவிடலாம், இல்லையேல் குழம்பு வைத்துவிடலாம்” என்ற பேச்சு வீட்டில் எழுகிறது. சிற்றூர்க் குடும்பங்களில் முட்டை விற்ற காசு பெரும்பாலும் பெண்களின் கைக்கு நேரே வரும் சிறுவருவாய். பிள்ளைகளின் குறிப்பேட்டுக்கும் வீட்டின் உப்பு, புளிக்கும் அதுவே உதவுகிறது. ஆகவே, முட்டை நின்றதும் கவலை எழுவது இயல்பே. ஆயினும், காரணம் அறியாமல் எடுக்கும் முடிவினால், சில வாரங்களில் மீண்டும் முட்டையிடவிருக்கும் நல்ல கோழியையே அக்குடும்பம் இழக்க நேரிடலாம்.

முட்டை உருவாகும் முறை

பெட்டைக்கோழியின் உடலில் பொதுவாக இடப்பக்கச் சூலகம் மட்டுமே முழு வளர்ச்சி பெற்றுச் செயற்படுகிறது. அதிலிருந்து விடுபடும் மஞ்சள் கரு, கருக்குழாய் வழியே செல்லும்போது அதன்மேல் வெண்கருவும் மெல்லிய சவ்வுகளும் படிகின்றன. இறுதியாக ஓடு உருவாவதற்கு மட்டும் ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகிறது. ஒரு முட்டை முழுமை பெற 24 முதல் 26 மணி நேரம் வேண்டும். ஆதலால், கோழி முட்டையிடும் நேரம் நாள்தோறும் சிறிது சிறிதாகத் தள்ளிப்போகும். பொழுது சாயும் வேளையை நெருங்கியதும் ஒருநாள் இடைவெளி விழும். இவ்விடைவெளி குறையன்று, உடலின் காலக்கணக்கு.

அடைகாக்கும் இயல்பு

நாட்டுக்கோழி முட்டையை நிறுத்துவதற்கு மிகப் பொதுவான காரணம் அடைகாக்கும் இயல்பாகும். 10 முதல் 15 முட்டைகள் வரை இட்டபின் அதன் குருதியில் புரோலாக்டின் என்னும் இயக்குநீர் மிகுகிறது, சூலகம் ஓய்வெடுக்கிறது. கோழி கூட்டைவிட்டு அகலாமல் அமர்ந்திருக்கும். நெருங்கினால் இறகைச் சிலிர்த்துச் சீறும். 21 நாள்கள் அடைகாத்துக் குஞ்சு பொரித்தபின், அவற்றைப் பேணும் காலத்திலும் அது முட்டையிடுவதில்லை.

நாமக்கல் பகுதிப் பண்ணைகளில் வளர்க்கப்படும் முட்டைக்கோழிகள் ஆண்டுக்கு 300 முட்டை அளவில் இடுகின்றன. அடைகாக்கும் இயல்பு நீங்கும்படி பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டமையும் அதற்கு ஒரு காரணம். நாட்டுக்கோழியோ தன் மரபைக் கைவிடவில்லை. குஞ்சுகள் வேண்டுமெனில் அது அடையிருப்பது இழப்பாகாது. வேண்டாவெனில், அதைக் கூட்டிலிருந்து எடுத்து, வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள இடத்தில், வைக்கோல் பரப்பாத கம்பிக்கூண்டில் தீனியும் நீரும் வைத்துச் சில நாள்கள் விடுவது போதும். நீரில் முக்கியெடுத்து அதனை வருத்த வேண்டியதில்லை.

இறகுதிர்வும் பகற்பொழுதும்

ஓராண்டைக் கடந்த கோழிகள் ஆண்டுக்கொருமுறை பழைய இறகுகளை உதிர்த்துப் புதியன பெறுகின்றன. இறகின் பெரும்பகுதி புரதமே. முட்டைக்குச் செல்ல வேண்டிய புரதம் இறகுக்குச் செல்வதால், இரண்டு மூன்று மாதங்கள் முட்டை நின்றுவிடக்கூடும். இக்காலத்தில் கரையான், புழு, கடலைப்பிண்ணாக்கு போன்ற புரதத்தீனி துணைசெய்யும்.

பகற்பொழுதின் நீளமும் முட்டையிடுதலைத் தூண்டுகிறது. கோழி ஒளியைக் கண்ணால் மட்டுமன்றி, மண்டையோட்டை ஊடுருவும் வெளிச்சத்தின்வழி மூளையாலும் உணர்கிறது. இலண்டன் மாநகரில் டிசம்பரில் பகற்பொழுது 8 மணி நேரத்திற்கும் குறைவு. அங்குக் குளிர்காலத்தில் முட்டை குறைவது இயல்பு. சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே. எனவே, தமிழ்நாட்டில் இக்காரணத்தின் வலிமை குறைவு.

தீனி, நீர், வெப்பம்

ஒரு முட்டையோட்டில் ஏறத்தாழ 2 கிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீனியில் அது போதாதபோது கோழி தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கிறது. முதலில் ஓடு மெலியும்; பின்னர் முட்டையே நிற்கும். அரிசிக்குருணை மட்டும் இட்டு வளர்க்கும் வீடுகளில் பொடித்த கிளிஞ்சலைத் தனியே வைப்பது நலம்.

முட்டையின் எடையில் நான்கில் மூன்று பங்கு நீரே. கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வாயைத் திறந்து இளைத்தே வெப்பத்தைத் தணிக்கிறது. கடுங்கோடையில் அது தீனியைக் குறைத்து நீரையே நாடும். நிழலும் குளிர்ந்த நீரும் கிடைக்காத கொல்லையில் முட்டை குறைவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நோயும் முதுமையும்

சோர்ந்து ஒடுங்குதல், பச்சையும் வெண்மையும் கலந்து கழிதல், மூச்சுத் திணறல், கழுத்துத் திருகல் ஆகியவை வெள்ளைக்கழிச்சல் நோயின் அறிகுறிகள். இது வந்தபின் தீர்க்கும் மருந்து இல்லை; தடுப்பூசியே காப்பு. ஐயம் எழுந்தவுடன் அக்கோழியைத் தனியே பிரித்துக் கால்நடை மருத்துவரை அணுக வேண்டும். குடற்புழுவும் செள்ளும் மெல்ல மெல்ல வலிமையை உறிஞ்சுபவை. இறகைப் பிரித்துத் தோலைப் பார்த்தால் செள்ளு புலப்படும். இவை எவையும் இல்லாது, ஆண்டுதோறும் முட்டை குறைந்துவந்தால் காரணம் முதுமையாகும்.

கைவிரல் காட்டும் உண்மை

சில வேளைகளில் கோழி முட்டையை நிறுத்தியிருக்காது, இடத்தையே மாற்றியிருக்கும். வைக்கோற்போரின் இடுக்கிலோ வேலிப்புதரிலோ அது மறைவாக இட்டு வரலாம். இட்ட முட்டையைக் கீரியோ பாம்போ காகமோ கவர்ந்திருக்கவும் கூடும். இதனை அறிய எளிய வழி ஒன்று உண்டு. முட்டையிடும் கோழியின் கொண்டை சிவந்து தடித்திருக்கும். கழிவாயின் இருபுறமும் உள்ள இடுப்பெலும்பு முனைகளுக்கிடையே இரண்டு மூன்று விரல்களை வைக்க இடமிருக்கும். முட்டை நின்ற கோழியின் கொண்டை வெளிறிச் சுருங்கும். அவ்வெலும்புகளுக்கிடையே ஒரு விரலுக்கே இடமிருக்கும்.

இவ்வாறு கையால் தொட்டுப் பார்த்து, வைக்கோற்போரைத் தேடி, இறகையும் எச்சத்தையும் தீனித்தட்டையும் கவனித்தபின் எடுக்கும் முடிவே தக்க முடிவு. அதற்குக் கால்மணி நேரம் போதும். சந்தைக்குச் சென்ற கோழி திரும்பி வருவதில்லை.