கணக்கு நோட்டும் செபப் புத்தகமும்



நவநாள் அன்று ஆலயத்தின் விண்ணப்பப் பெட்டியைத் திறந்தால், நோய் நீங்க வேண்டும், பிள்ளைக்கு வரன் அமைய வேண்டும் என்ற சீட்டுகளுக்கு நடுவே தவறாமல் இன்னொரு சீட்டும் இருக்கும்: "கடன் தீர வேண்டும்". பெரும்பாலும் பெயர் இருக்காது. எவ்வளவு கடன், யாரிடம் வாங்கியது, என்ன வட்டி என்பதும் இருக்காது. எழுதியவரின் வீட்டில் இருப்பவர்களுக்கே அது தெரியுமோ தெரியாதோ!

பணம் உலக காரியம், அதைப் பற்றி ஆண்டவரிடம் பேசுவது முறையல்ல என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எல்லாம் கைமீறிப் போன பிறகு மட்டும் ஓடி வந்து மன்றாடுகிறோம். ஆனால் விவிலியம் பணத்தைப் பற்றி வெட்கப்படாமல் பேசுகிறது. நீதிமொழிகள் நூலில் ஆகூர் என்பவரின் மன்றாட்டு ஒன்று உண்டு (நீமொ 30:7-9). எனக்கு வறுமையும் வேண்டாம், செல்வமும் வேண்டாம், தேவையான உணவு மட்டும் போதும் என்கிறார். காரணத்தையும் அவரே சொல்கிறார்: செல்வம் மிகுந்தால் கடவுளை மறந்துவிடுவேன், வறுமை மிகுந்தால் திருடத் துணிந்துவிடுவேன். அவர் தம் பலவீனத்தை அறிந்து, அதை மறைக்காமல் செபிக்கிறார். பணத்தைப் பற்றிய செபம் என்பது முதலில் உண்மையைச் சொல்வதுதான்.

நம்பிக்கையா, சோதனையா?

சாத்தான் இயேசுவைக் கோவிலின் உயர்ந்த பகுதியில் நிறுத்தி, கீழே குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்றான் (மத் 4:5-7). அதற்கு அவன் காட்டியது மறைநூல் வாக்கைத்தான். ஆண்டவர் குதிக்கவில்லை. இறைவனை நம்புவது வேறு, இறைவனைச் சோதிப்பது வேறு என்பதை அங்கே நமக்குக் காட்டினார்.

சென்னை அமைந்தகரையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய ஆருத்ரா கோல்டு டிரேடிங் என்ற நிறுவனத்தின் மீது 2022ஆம் ஆண்டு மே மாதம் வழக்குப் பதிவானது. மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை வட்டி தருவதாகச் சொல்லி, ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாகக் காவல்துறை தெரிவித்தது. மாதம் 30 சதவீதம் என்றால், ஒரு லட்சம் ரூபாய்க்கு மாதம் 30,000, ஆண்டுக்கு 3,60,000 ரூபாய். வங்கியில் அதே ஒரு லட்சத்துக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பது ஆறாயிரம், ஏழாயிரம் அளவில்தான். எந்த நேர்மையான தொழில் மாதம் 30 சதவீதம் வட்டி கொடுத்துவிட்டு நிலைத்து நிற்கும்?

இத்தகைய திட்டங்களில் முதலில் சேர்ந்தவருக்கு வரும் "வட்டி" பொதுவாகப் பின்னால் சேர்ந்தவரின் முதலிலிருந்தே வருகிறது. புதியவர்கள் வருவது நின்றதும் எல்லாம் சரிகிறது. ஆகவே, "நான் யாரையும் ஏமாற்றவில்லை, வட்டிதானே வாங்கினேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. நம் கைக்கு வந்தது இன்னொரு வீட்டின் மகள் திருமணப் பணமாக இருக்கலாம். பத்துக் கட்டளைகளில் ஏழாவது கட்டளை இங்கே நம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. செபம் செய்துவிட்டுத்தான் பணம் போட்டேன் என்பதால் கணக்கு மாறிவிடாது. அது கோவில் உச்சியிலிருந்து குதிப்பதற்கு ஒப்பானது.

ஏமாந்தவர் எல்லாரும் பேராசைக்காரரா?

இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1872ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் நிறுவனத்தில் வைப்புத்தொகை போட்டவர்களில் ஓய்வு பெற்ற முதியோர் பலர் இருந்தார்கள். அவர்கள் எதிர்பார்த்தது வங்கியைவிடச் சற்றுக் கூடுதலான வட்டிதான். தலைமுறைகளாக அறிந்த பெயர், கூப்பிடு தூரத்தில் அலுவலகம் என்ற நம்பிக்கையில் போட்டார்கள். முதிர்வடைந்த தொகை திரும்ப வரவில்லை என்று அவர்கள் புகார் கொடுத்ததை அடுத்து, 2024 ஆகஸ்டில் அதன் நிர்வாக இயக்குநர் கைது செய்யப்பட்டார். குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். கஷ்டப்பட்டுச் சேர்த்ததைத் தொலைத்து நிற்கும் முதியவரைப் பார்த்து "உனக்கு ஏன் இந்த ஆசை?" என்று கேட்பது கிறிஸ்தவம் ஆகாது.

பெரிய பெயர் மட்டுமே காவல் அல்ல என்பதை நம் நகரம் முன்பே கண்டிருக்கிறது. 1906 அக்டோபர் 22 அன்று, மதராசில் மிகுந்த மதிப்புப் பெற்றிருந்த ஆர்பத்நாட் கம்பெனி நொடித்துப் போனது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் மோசடிக் குற்றத்துக்காகச் சிறை சென்றார். ஆயிரக்கணக்கானோர் சேமிப்பை இழந்தனர். அந்த இழப்புக்குப் பின், மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோரின் முயற்சியால் 1907ஆம் ஆண்டு இந்தியன் வங்கி பிறந்தது.

சபை உரையாளர் இதற்கு எளிய வழி சொல்கிறார்: உன்னிடம் இருப்பதை ஏழு, எட்டுப் பங்காகப் பிரித்து வை, ஏனெனில் என்ன இடர் வரும் என்று உனக்குத் தெரியாது (சஉ 11:2). ஓய்வூதியப் பணம் முழுவதையும் ஒரே இடத்தில் போடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிவுரை தேவையில்லை. வங்கி வைப்புத்தொகைக்கு 2020 பிப்ரவரி முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. நிதி நிறுவனங்களுக்கும் நகைக்கடைச் சேமிப்புத் திட்டங்களுக்கும் இந்தக் காப்பீடு கிடையாது. சீட்டு சேர்வதானால், 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். கேட்பது அவநம்பிக்கை அல்ல. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்று கேட்டவர் நம் ஆண்டவரே (லூக் 14:28).

"நம்ம பங்குக்காரர்தான் சொன்னார்", "செபக்குழுவில் இருப்பவர்தான் நடத்துகிறார்" என்பதெல்லாம் பத்திரம் ஆகாது. திருப்பலி முடிந்து வெளியே நிற்கும்போது யாராவது திட்டத்தில் ஆள் சேர்த்தால், அன்போடு மறுத்துவிடுங்கள்.

கடனும் கையெழுத்தும்

"மூணு வட்டி" என்று சாதாரணமாகச் சொல்கிறோம். நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் ஆண்டுக்கு 36 ரூபாய். பத்து வட்டி என்றால் ஆண்டுக்கு 120 ரூபாய். கடன் வாங்கியவர் கொடுத்தவருக்கு அடிமை என்று நீதிமொழிகள் (22:7) சொல்வதன் பொருள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவருக்குப் புரியும். தியாகராய நகரில் பண்டிகைக்கு வாங்கிய நகை அடுத்த ஜூன் மாதம் பள்ளிக் கட்டணத்துக்காக அடகுக்குப் போகிறது என்றால், அந்த நகையை வாங்கத்தான் வேண்டியிருந்ததா என்று யோசிக்க வேண்டும்.

ஜாமீன் கையெழுத்தும் கடன்தான். சீராக்கின் ஞானம் நூல் 29ஆம் அதிகாரம் இதை அழகாகச் சமன் செய்கிறது. பிறருக்குப் பிணை நிற்பது நல்லவரின் செயல் என்கிறது. அதே மூச்சில், நீயே விழுந்துவிடாதபடி பார்த்துக்கொள் என்றும் எச்சரிக்கிறது. உதவுங்கள், உங்கள் சக்திக்கு உட்பட்டு. ஆனால் மனைவிக்கோ கணவருக்கோ தெரியாமல் எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள்.

மாதம் ஒரு முறை, ஒரு மணி நேரம்

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு மாலை, குடும்ப செபத்துக்குப் பின் கணவனும் மனைவியும் ஒரு நோட்டுடன் அமருங்கள். செபமாலை இருக்கும் மேசையிலேயே நோட்டும் இருக்கட்டும்.

1. அந்த மாதம் வந்த வருமானத்தை எழுதி, அதற்காக நன்றி சொல்லுங்கள்.

2. எல்லாக் கடன்களையும் வட்டியோடு எழுதுங்கள். கைமாற்று, நகை அடகு, கடன் அட்டை, ஜாமீன் எதையும் விடாதீர்கள். அதிக வட்டிக் கடனை முதலில் அடைக்க வழி பாருங்கள்.

3. ஏழைக்கு உரிய பங்கை முதலிலேயே எடுத்து வையுங்கள். மிச்சம் இருந்தால் தருவோம் என்றால் மிச்சம் இருக்காது. கைம்பெண்ணின் இரண்டு காசுகளை ஆண்டவர் கவனித்தார் (லூக் 21:1-4). தொகை சிறிதானாலும் போதும்.

4. புதிதாகப் பணம் போடவோ கடன் வாங்கவோ எண்ணினால் மூன்று கேள்விகள்: இந்த லாபம் எங்கிருந்து வருகிறது? இது போய்விட்டால் வீடு நிற்குமா? இதை யாரிடமிருந்தாவது மறைக்க வேண்டியிருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு "ஆம்" என்றால், அதை அன்றே நிறுத்துங்கள்.

ஏற்கெனவே சிக்கியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடன்பட்டிருப்பது பாவமல்ல, வெட்கப்பட்டு ஒளிய வேண்டியதும் அல்ல. ஒளிந்திருக்கும் கடன்தான் வளர்கிறது. இன்றே வீட்டில் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் பங்குத்தந்தையிடம் வாருங்கள், நாங்கள் உடன் இருந்து பேசுகிறோம். கந்துவட்டிக்காரர் மிரட்டினால் 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டித் தடைச் சட்டம் உண்டு. வைப்புத்தொகையில் ஏமாந்தால் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம். 1997ஆம் ஆண்டின் தமிழக முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஏமாற்றியவரின் சொத்துகளை முடக்க முடியும். எந்தக் கடனும் ஓர் உயிரைவிடப் பெரிதல்ல. கொடுக்க வேண்டிய பணத்துக்குத் தவணை கேட்கலாம், போன உயிருக்குத் தவணை இல்லை.

ஆண்டவரே, எங்களுக்கு வேண்டியதைத் தாரும். வேண்டாததை அடையாளம் காணும் அறிவையும் தாரும். எங்கள் கணக்கில் பொய் இல்லாதிருக்கவும், எங்கள் லாபத்தில் பிறர் கண்ணீர் கலவாதிருக்கவும் அருள்புரியும். ஆமென்.

இறையாசீர் உங்கள் குடும்பங்களில் என்றும் தங்குவதாக!