கோணிய தண்டுகளும் பற்சில்லு இணைப்பும்

கொஸ்லந்த, அப்புத்தளை முதலிய ஊவா மலைப்பகுதிகளின் பழைய தேயிலைத் தொழிற்சாலைகளில், எஞ்சினோ நீர்ச்சுழலியோ சுழற்றிய நெடுந்தண்டொன்று கூரையின் கீழ் ஓடிற்று. அதிலிருந்து இறங்கிய பட்டிகள் கொழுந்தரைக்கும் பொறிகளுக்கு வலுவை ஊட்டின. தொழிலாளர் ரோதைமுனியை வழிபட்டமை அச்சுழற்சியின் ஆற்றலையும் அபாயத்தையும் உணர்ந்ததன் அடையாளம் எனலாம். பட்டி நெகிழ்வுடையதாதலின், தண்டுகள் சிறிது கோணினும் பொறுத்துக்கொண்டது. பொறிகளுக்குத் தனித்தனி மின்மோட்டர்கள் வந்தபின், இரு தண்டுகளை முனையோடு முனையாக நேரே இணைக்கவேண்டிய இடங்களும் பெருகின.

இரு தண்டுகளை ஒரே நேர்கோட்டில் நிறுத்துதல் அரிது. நிறுத்தியவாறே பேணுதல் அதனினும் அரிது. அத்திவாரம் இறங்கும், போதிகை தேயும், வெப்பத்தால் உலோகம் விரியும். 300 மில்லிமீற்றர் உயரமான உருக்குத் தாங்கு 40 பாகை செல்சியசு வெப்பமேறின், ஏறக்குறைய 0.14 மில்லிமீற்றர் உயரும். வன்மையான இணைப்பு இச்சிறு விலகலுக்கும் இடங்கொடாது. அதனால் எழும் விசை தண்டுகளையும் போதிகைகளையும் தாக்கும்.

இதற்குத் தீர்வாக அமைந்தவற்றுள் ஒன்று பற்சில்லு இணைப்பு. முதல் உலகப்போரை அடுத்த ஆண்டுகளில் குஸ்தாவ் ஃபாஸ்ட் என்னும் பொறியியலர் இதனை உருவாக்கினார். ஒவ்வொரு தண்டின் முனையிலும் வெளிப்பற்களுள்ள குடமொன்று இறுக்கப்படும். உட்பற்களுள்ள உறை அதனைச் சூழும். இரு உறைகளும் விளிம்புகளிற் சுரையாணிகளால் பூட்டப்பட்டு ஒன்றாகும். சாதாரண பற்சில்லுகளிற் சில பற்களே ஒருங்கே தொடும். இங்கோ பற்கள் யாவும் சுற்றிலும் கௌவி நின்று சுமையைப் பகிர்கின்றன. ஆதலின் சிறிய உருவிலும் பெரிய முறுக்கத்தைக் கடத்தமுடிகிறது.

குடத்தின் பல் நடுவிற் புடைத்தும் ஓரங்களில் ஒடுங்கியும் இருக்கும். எனவே குடம் உறைக்குள்ளே சிறிது சாய்ந்து சுழலலாம். ஒரு கௌவல் கோணவிலகலை மட்டுமே ஏற்கும். தண்டுகள் இணையாகவே விலகி நிற்பின் இரு கௌவல்கள் வேண்டும். உறை அவற்றிடையே சரிந்து நின்று விலகலை நிரவும். கௌவல்களின் இடைத்தூரம் 100 மில்லிமீற்றரும், சாய்வு அரைப் பாகையுமாயின், நிரவப்படும் விலகல் ஏறக்குறைய 0.87 மில்லிமீற்றர்.

ஆயினும் விலகல் மறைந்துவிடுவதில்லை; பற்களின் வழுக்கலாக மாறுகிறது. சாய்ந்த நிலையில் ஒவ்வொரு பல்லும் ஒரு சுற்றுக்கு ஒருமுறை முன்னும் பின்னும் அசையும். நிமிடத்துக்கு 1500 சுற்றாயின், எட்டு மணி நேரத்தில் 7,20,000 முறை! மசகு குறைந்தால் பற்கள் தேயும். உராய்வு மிகுந்தால் இணைப்பு இறுகி, வன்மையான இணைப்பைப்போலவே போதிகைகளை வருத்தும். பற்கள் முற்றாகத் தேய்ந்தழியின் மோட்டர் சுழன்றுகொண்டிருக்கப் பொறி நின்றுவிடும்.

ஆதலின் இவ்விணைப்பின் நெகிழ்வைக் கவனமின்றிப் பொறிகளை நிறுவுவதற்குரிய அனுமதியாகக் கொள்ளலாகாது. தண்டுகளை இயன்றவரை நேராக்கி நிறுவுக; பின்னர் காலமும் வெப்பமும் உண்டாக்கும் சிறு விலகலுக்கே நெகிழ்வை விட்டுவைக்க. மோட்டரை நிறுத்தி, மின்னோட்டத்தைத் துண்டித்த பின்னரே காப்புமூடியைத் திறந்து மசகைச் சோதிக்க. சோதித்தபின் மூடியை மீண்டும் பூட்டுக. பொறியின் ஆயுளுக்கும் அருகே நின்று உழைப்போரின் உயிருக்கும் இவ்வொழுக்கமே காப்பாகும்.