இது உன் வீடுதானே!

கல்யாணமாகி ஏழு வருடமாக ஜொகூர் பாருவில் அப்பாவின் இரண்டு மாடி வீட்டில்தான் இருக்கிறோம். பின்பக்கச் சமையலறையை நீட்டிக் கட்டியது என் காசு. கிராண்டில் இருப்பது அப்பா பெயர். “இது உன் வீடுதானே, வாடகை எதுக்கு?” என்பார். அந்தப் பேச்சைத் தவிர எங்களிடம் ஒரு தாளும் இல்லை.

வானொலியில் சொத்து பற்றிப் பேசுவதற்காக ஒரு பழைய இங்கிலாந்து வழக்கைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. ‘ஜோன்ஸ் எதிர் பாடவட்டன்’ என்றால் சட்டம் படித்தவர்களுக்குத் தெரியும். அம்மா டிரினிடாட்டில், மகள் வாஷிங்டன் இந்தியத் தூதரகத்தில் நல்ல வேலையில். ‘வேலையை விட்டுவிட்டு லண்டனில் பாரிஸ்டருக்குப் படி, மாதம் 200 டாலர் தருகிறேன்’ என்றார் அம்மா. 1962-இல் மகள் கிளம்பிவிட்டார். அவர் நினைத்தது அமெரிக்க டாலர்; அம்மா அனுப்பியதோ மேற்கிந்தியத் தீவு டாலர். (சிங்கப்பூர் வெள்ளியா, நம் வெள்ளியா என்று கேட்காமல் தலையாட்டிய ஜொகூர்க்காரர்களுக்கு இது புரியும்.)

1964-இல் அம்மா லண்டனில் ஒரு வீடு வாங்கினார். சில அறைகளில் மகள் இருந்துகொள்ளலாம், மற்ற அறைகளின் வாடகை அவர் செலவுக்கு. எத்தனை காலத்துக்கு? அதை யாரும் பேசிக்கொள்ளவில்லை.

1967-இல் வீட்டைத் திருப்பிக் கேட்டு அம்மா வழக்குப் போட்டார். தேடி வந்த அம்மாவை மகள் உள்ளே விடவில்லை. ஏன் என்று நீதிமன்றத்தில் கேட்டபோது, சாதாரணத் தாய் மகள் மேல் வழக்குப் போடமாட்டாள் என்றார். கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்த மகள், 1968-இல் மேல்முறையீட்டில் தோற்றார். இது குடும்ப ஏற்பாடுதான், ஒப்பந்தமே அல்ல என்றார்கள் இரண்டு நீதிபதிகள். ஒப்பந்தம்தான் என்ற மூன்றாமவரும், படித்து முடிக்க அதிகபட்சம் 5 ஆண்டு போதும், அது தீர்ந்துவிட்டது என்றார்.

நம் நாட்டிலோ, பதிலுக்கு எதுவும் வாங்காமல் பாசத்துக்காக நெருங்கிய உறவினருக்குத் தரும் வாக்கை, அது எழுத்தில் இருந்தால்தான் 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு ஏற்கும். பதிவு தேவை என்றால் பதிவும் ஆகியிருக்க வேண்டும். அப்பா உயில் எழுதாமல் போனால், 1958 பங்கீட்டுச் சட்டப்படி எங்கள் குடும்பத்தில் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி எனக்கும் தங்கைக்கும் சமமாக. சமையலறையைக் கட்டியது யார் என்று அந்தச் சட்டம் கேட்காது.

“இப்போதே உன் பெயருக்கு மாற்றிக்கொள்ளேன்” என்றார் ஒரு நண்பர். 2023 ஏப்ரல் 1 முதல், பெற்றோர் மலேசியக் குடியுரிமை உள்ள பிள்ளைக்குப் பாசத்தின் பேரில் வீட்டை எழுதிக்கொடுத்தால் முதல் 10 லட்சம் ரிங்கிட்டுக்கு முத்திரை வரி இல்லை. ஆனால் அப்படிச் செய்தால், நாளைக்கு அப்பா என் வீட்டில் குடியிருப்பவர் ஆகிவிடுவார். மனசு ஒப்பவில்லை.

போன ஞாயிறு, சாப்பிட்ட பிறகு மெதுவாக ஆரம்பித்தேன். யார் எவ்வளவு செலவு செய்தது, விற்க நேர்ந்தால் எத்தனை மாதம் முன்னால் சொல்வது, இதையெல்லாம் எழுதி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். ‘என் மேல நம்பிக்கை இல்லையா?’ என்பாரோ என்று பயந்துகொண்டே இருந்தேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

“தங்கச்சிகிட்ட கேட்டியா?” என்றார்.

அவள் அடுத்த மாதம் கோலாலம்பூரிலிருந்து வருகிறாள். நான்கு பேருமாக வழக்கறிஞரைப் பார்க்கப் போகிறோம்.