அடியில் ஒலிப்பவர்

கடந்த ஆண்டு நம் மொழிக்கழகக் கலையிரவில் ஒலியமைப்பு என் பொறுப்பு. ஜார்ஜ் டவுன் மண்டபம் ஒன்றில் உறுமி முழங்க, முதலாண்டு மாணவி ஒருவர் தாம் எழுதிய கவிதையை வாசித்தார். ஒரு சொல்லும் யாருக்கும் கேட்கவில்லை. வாடகைக் கருவிகளின் மேல் பழியைப் போட்டேன். “பரவாயில்லைண்ணா” என்றார் அவர். அந்தச் சொல்தான் இன்றும் உறுத்துகிறது.

அந்த உறுத்தலோடு தேடிப் படித்தபோது அறிமுகமானவர் பீட்டர் இண்ட். ஜாஸ் இசையில் டபுள் பாஸ் வாசித்தவர், ஒலிப்பொறியாளரும் அவரே. ஜாஸ் நமக்கு அந்நியமன்று. தேசிய இடைநிலைப்பள்ளியில் நாம் பாடிய ‘புத்ரா புத்ரி’ பாடலுக்கு இசையமைத்த ஜிம்மி போயல், பினாங்கின் ஜாஸ் பியானோக் கலைஞர்தாம்.

டபுள் பாஸ் என்பது ஆளுயரத்துக்கும் மேலான, நான்கு தந்திகள் கொண்ட கருவி. அதன் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிரும். சிறிய ஒலிபெருக்கிகளால் அவ்வொலியைச் சரியாகத் தர இயலாது. ‘சுருதி மாதா, லயம் பிதா’ என்பர் நம் பெரியோர். ஜாஸ் குழுவில் அந்தத் தாயும் தந்தையும் பெரும்பாலும் இக்கருவியே. ஆனால், முரசும் டிரம்பெட்டும் எழுந்தால் முதலில் மறைவதும் இதுதான். ஆகவே, பாஸ் வாசிப்பவர் மற்ற எல்லோரையும் கேட்டுக்கொண்டே வாசிக்கப் பழகுகிறார். ஒலிப்பொறியாளருக்கு வேண்டிய முதல் தகுதியும் அதுவே அல்லவா?

இண்ட் 1928இல் இங்கிலாந்தில் பிறந்தார். ‘குவீன் மேரி’ கப்பலின் இசைக்குழுவில் வேலை செய்தார். கப்பல் நியூயார்க்கை அடையும்போதெல்லாம், பார்வையற்ற பியானோ மேதை லென்னி டிரிஸ்டானோவிடம் பாடம் கற்றார். 1951இல் அங்கேயே குடியேறினார்.

டிரிஸ்டானோவின் ‘லைன் அப்’ 1956இல் வெளிவந்த இசைத்தட்டில் உள்ளது. இண்டின் பாஸும் ஜெஃப் மார்டனின் முரசும் முதலில் நாடாவில் பதிவாயின. பின்னர் அந்த நாடாவை மெதுவாக ஓடவிட்டு, அதன்மேல் பியானோ வாசித்து, வேகத்தைக் கூட்டினார் டிரிஸ்டானோ. ‘இது ஏமாற்று’ என்று சிலர் சாடினர். ஒலிப்பதிவும் ஓர் இசைக்கருவியே என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை.

இண்ட் நியூயார்க்கில் சொந்த ஒலிப்பதிவுக் கூடம் வைத்தார். ‘வேவ்’ என்ற பெயரில் இசைத்தட்டுகளும் வெளியிட்டார். பெரிய நிறுவனங்கள் கதவைத் திறக்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. 1966இல் தாயகம் திரும்பி, 1984இல் லண்டனில் ‘பாஸ் கிளெஃப்’ என்ற இசைக்கூடத்தைத் திறந்தார். 1990களில் அது கைவிட்டுப் போயிற்று. ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. 2005இல் தம் ஆசானைப் பற்றி ஒரு நூல் எழுதி வெளியிட்டார். 2021இல், 93ஆம் வயதில் மறைந்தார்.

அன்று மண்டபத்தில் நான் செய்யத் தவறியது என்ன? ஒலிப்பலகையின் பொத்தான்களைப் பார்த்தேனே தவிர, கேட்கவில்லை. கடைசி வரிசையில் ஒருமுறை போய் அமர்ந்திருந்தால் போதும். ஒலிவாங்கியை உயர்த்துவதற்கு முன் உறுமியைத் தாழ்த்தியிருப்பேன்.

இவ்வாண்டும் ஒலிப்பொறுப்பைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். அந்தத் தங்கையிடம், “மறுபடியும் வாசிப்பீர்களா?” என்று கேட்டேன்.

“ஒத்திகைக்கு வாங்கண்ணா, பார்க்கலாம்” என்றார்.

போகிறேன். கடைசி வரிசையில்தான் உட்காருவேன்.